புராசஸரின் வேகமும் விளையாட்டின் வேகமும்

விளையாடுவதற்கென்று ஒரு மடிக்கணினி வாங்கப் போகிறவர்களுக்குக் கடைசி நேரத்தில் தவறாமல் வந்து நிற்கும் சந்தேகம் ஒன்று உண்டு. திரையும் கிராஃபிக்ஸ் சிப்பும் வெளிக்கூடும் இரண்டு யந்திரங்களிலும் ஒன்றாகவே இருக்க, ஒன்றில் கோர் ஐ7 புராசஸரும் மற்றொன்றில் கோர் ஐ9 புராசஸரும் பொருத்தப்பட்டிருக்கின்றன. விலையிலோ கணிசமான வித்தியாசம். அந்த அதிகப் பணத்தைக் கொடுத்தால் விளையாட்டு அதற்குத் தக்கபடி வேகமாக ஓடுமா என்பதே அச்சந்தேகம். மேசைக் கணினியானால் இன்று ஒன்றை வாங்கி, போதாதென்று கண்டால் பின்னொரு நாள் புராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழியுண்டு. விளையாட்டு மடிக்கணினிகளில் புராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டு வருவதே வழக்கமாதலால், வாங்கும் நாளில் செய்த நிர்ணயம் அந்த யந்திரத்தின் ஆயுள் முடியும்வரை மாறாது. ஆகவே, விளம்பரத்தில் பெரிதாய் அச்சிட்ட எண்ணை நம்பிவிடாமல், ஒரு காட்சி திரையில் எவ்வாறு உருவாகிறது என்பதிலிருந்து தொடங்கி இவ்விஷயத்தை நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

திரையில் நாம் காணும் ஓட்டமும் பாய்ச்சலும், கண் பிரித்தறிய முடியாத வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறையும் அசையாப் படங்களின் வரிசையே. அப்படம் ஒவ்வொன்றையும் ஃபிரேம் என்கிறோம். வினாடிக்கு 60 ஃபிரேம் வரவேண்டுமானால் ஒரு ஃபிரேமைத் தயாரிக்கக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிவினாடி, 144 ஃபிரேம் வேண்டுமானால் 7 மில்லிவினாடிக்கும் சற்றுக் குறைவு. இந்த அற்ப காலத்துக்குள் புராசஸர் செய்து முடிக்கவேண்டிய காரியங்களை எண்ணிப் பார்த்தால் பிரமிப்பே உண்டாகிறது. விளையாடுபவரின் விரல் எந்த விசையை அழுத்தியது என்று அறிந்து, காட்சியிலுள்ள பாத்திரங்கள் ஒவ்வொன்றும் அடுத்து எங்கே நகரும் என்று நிச்சயித்து, எறிந்த பொருள் எவ்விடத்தில் விழும், இடிந்த சுவர் எப்பக்கம் சரியும் என்று பௌதிக விதிகளின்படி கணக்கிட்டு, இவை அனைத்திலும் இந்த க்ஷணத்தில் கண்ணுக்குப் புலனாகக் கூடியவை எவை என்று பிரித்தெடுத்து, இன்னதை இன்ன இடத்தில் வரைக என்னும் கட்டளைகளை ஆயிரக்கணக்கில் அது கிராஃபிக்ஸ் சிப்புக்கு அனுப்புகிறது. கட்டளையைப் பெற்ற கிராஃபிக்ஸ் சிப், முக்கோணங்களால் ஆன உருவங்களைத் திரையின் தளத்தில் படியவைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தையும் ஒளியையும் நிழலையும் தனித்தனியே கணித்து ஓவியத்தைப் பூர்த்தி செய்கிறது.

இவ்விரண்டும் முறைவைத்து ஒன்றன்பின் ஒன்றாக உழைப்பதில்லை. பழைய அச்சுக்கூடங்களில் யந்திரம் ஒரு பாரத்தை அச்சிட்டுக்கொண்டிருக்கும்போதே கம்பாசிடர் அடுத்த பாரத்துக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருப்பதைப்போல, கிராஃபிக்ஸ் சிப் ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கையிலேயே புராசஸர் அடுத்த ஃபிரேமின் கணக்கில் இறங்கிவிடுகிறது. யந்திரம் மெதுவாக ஓடுவதாயின், கம்பாசிடர் எவ்வளவு கைவேகம் படைத்தவராயினும் கோத்த பாரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். கோப்பது தாமதமானால், எத்தனை உயர்ந்த யந்திரமும் சும்மா நிற்க வேண்டியதுதான். வெளிவரும் பக்கங்களின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது இரண்டில் தாமதிப்பது எதுவோ அதுவே.

இதைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் உண்மை தெளிவாகும். ஒரு விளையாட்டில் உயர்ந்த தரத்தில் ஒரு ஃபிரேமை வரைய கிராஃபிக்ஸ் சிப்புக்கு 14 மில்லிவினாடியும், அதற்கு வேண்டிய கணக்கைச் செய்ய புராசஸருக்கு 8 மில்லிவினாடியும் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது வினாடிக்கு ஏறத்தாழ 71 ஃபிரேம் கிடைக்கும். புராசஸரை மாற்றி 8 என்பதை 7.5 ஆக்கினாலும், ஏன், 4 ஆகவே குறைத்தாலும், கிடைப்பது அதே 71 தான். புராசஸர் முன்னைவிட அதிக நேரம் காத்திருக்கும் என்பதைத் தவிர வேறு பலன் இல்லை. இனி, அதே விளையாட்டைத் தரத்தைத் தாழ்த்தி, கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை 4 மில்லிவினாடியில் முடியும்படி வைத்து ஆடுவோமானால் நிலைமை தலைகீழாகிறது. 8 மில்லிவினாடி எடுக்கும் புராசஸரால் வினாடிக்கு 125 ஃபிரேம், அதை 7.5 ஆகக் குறைத்தால் 133. ஒரே யந்திரத்தில், ஒரே விளையாட்டில், விளையாடுபவர் தேர்ந்துகொண்ட தரத்தைப் பொறுத்தே வேகமான புராசஸர் பிரயோஜனமுள்ளதாகவோ வீணாகவோ ஆகிறது.

கிராஃபிக்ஸ் சிப்பின் சுமையைப் பெருக்கும் காரணங்களுள் முதன்மையானது திரையிலுள்ள புள்ளிகளின் தொகை. 1920-க்கு 1080 என்ற சாதாரணத் திரையில் ஏறத்தாழ 20 லட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள். 2560-க்கு 1440 என்னும் திரையில் 36 லட்சத்து 86 ஆயிரம். 3840-க்கு 2160 என்னும் நுண்திரையில் 82 லட்சத்து 94 ஆயிரம். திரை நுண்மையாக ஆக, கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை வளர்ந்துகொண்டே போகிறது; ஆனால் எத்தனை வீரர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கணிக்கும் புராசஸரின் வேலை திரை பெரிதானதால் அதிகமாவதில்லை. எனவே, நுண்திரையில் அழகிய காட்சிகளை ரசித்து விளையாடுபவருக்குப் புராசஸர் தடையாவது அபூர்வம்.

இப்போது உண்மையான இரு புராசஸர்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். 2022 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் கோர் ஐ7-12700எச், கோர் ஐ9-12900எச் என்ற இரண்டையும் மடிக்கணினிகளுக்காக அறிவித்தது. இரண்டிலும், தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான கோர்களில் வேகமானவை 6, சிக்கனமானவை 8, ஆக 14. இரண்டிலும் கேஷ் நினைவகம் 24 மெகாபைட். இரண்டுக்கும் அடிப்படை மின்சக்தி 45 வாட், உச்சம் 115 வாட். விளையாட்டு விஷயத்தில் சொல்லத்தக்க வித்தியாசம், முன்னதன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதன் உச்ச வேகம் 5 கிகாஹெர்ட்ஸ் என்பதே. கணக்கிட்டால் இது 6 சதவீதத்துக்குச் சற்று மேல். அந்த உச்சமும் ஓரிரு கோர்கள் மாத்திரம் உழைக்கையில், போதிய மின்சக்தியும் குளிர்ச்சியும் கிடைக்கும்வரை மாத்திரம் எட்டக்கூடியது. 7 என்பதற்கும் 9 என்பதற்கும் உள்ள தூரம் பெயரில் தெரியும் அளவுக்குப் பொருளில் இல்லை.

வேகம் ஏன் இப்படி அங்குலம் அங்குலமாக ஏறுகிறது என்று கேட்பது நியாயமே. ஒரு காலத்தில் அது அப்படி ஏறவில்லை. 1993-இல் வெளிவந்த இன்டெலின் முதல் பென்டியம் புராசஸரின் வேகம் 60 மெகாஹெர்ட்ஸ். 2002-இல் பென்டியம் 4 புராசஸர் 3.06 கிகாஹெர்ட்ஸை எட்டியது. பத்தாண்டுக்குள் ஐம்பது மடங்கு. அதன்பின் வந்த இருபது ஆண்டுகளில் அது 5 கிகாஹெர்ட்ஸைத் தொட்டிருக்கிறதென்றால், வளர்ச்சி இரண்டு மடங்குகூட ஆகவில்லை. இதன் காரணம் டிரான்சிஸ்டரின் இயல்பிலேயே இருக்கிறது. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்ட் என்ற விஞ்ஞானி, டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதன் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துவந்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் உண்டாகும் உஷ்ணம் கூடாமலேயே வேகத்தை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று தம் சகாக்களோடு 1974-இல் விளக்கினார். தொழில் முழுவதும் முப்பது ஆண்டுகள் அவ்வழியே நடந்தது. ஆனால் மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குக் கீழே இறக்கினால் டிரான்சிஸ்டர் மூடிய நிலையிலும் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. அந்த எல்லை வந்தவுடன் பாதை அடைபட்டது. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐ இன்டெல் கைவிட்டது; அந்நாளில் அதன் தலைமை நிர்வாகியாயிருந்த க்ரெய்க் பாரெட், தொழில் வல்லுநர்கள் கூடியிருந்த சபையில் மேடைமேல் மண்டியிட்டு, அதற்காக மன்னிப்புக் கேட்டார்.

அது முதல் ஒவ்வொரு கிகாஹெர்ட்ஸுக்கும் கொடுக்கும் விலை உஷ்ணமாகவே வந்து சேர்கிறது. ஒரு சிப் உண்ணும் மின்சக்தி அதன் வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப வளர்கிறது. வேகத்தை ஏற்ற வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருப்பதால், உச்சத்தை நெருங்கும்போது மின்சக்தி ஏறத்தாழ வேகத்தின் கனத்தை ஒட்டி உயர்கிறது. மேலே சொன்ன 4.7-இலிருந்து 5-க்குப் போகும் 6 சதவீத வேகத்துக்கு, இக்கணக்கின்படி, ஐந்தில் ஒரு பங்கு அதிக மின்சக்தி செலவாகும். மேசைக் கணினியில் இதைப் பொருட்படுத்தாமல் விடலாம். மடிக்கணினியில் அப்படி விட முடியாது; ஏனெனில் அங்கே புராசஸரும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரே மின் அடாப்டரையும், பெரும்பாலும் ஒரே செப்புக் குழாய்களையும் ஒரே விசிறிகளையும் பங்கிட்டுக்கொண்டு வாழ்கின்றன. ஒன்று அதிகமாக உண்டால் மற்றொன்றின் பங்கு குறையும். இந்தப் பங்கீட்டைச் சமயத்துக்குத் தக்கபடி மாற்றி, புராசஸருக்குத் தேவைப்படாத வாட்டுகளை கிராஃபிக்ஸ் சிப்புக்குத் திருப்பிவிடுவதற்கென்றே என்விடியா நிறுவனம் டைனமிக் பூஸ்ட் என்றும், ஏஎம்டி நிறுவனம் ஸ்மார்ட்ஷிஃப்ட் என்றும் ஏற்பாடுகள் செய்திருக்கின்றன.

வாங்குபவர்களில் மிகப் பலர் கவனியாமல் விடும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற மடிக்கணினி கிராஃபிக்ஸ் சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ள என்விடியா அனுமதிக்கிறது. மெல்லிய மடிக்கணினியில் அடங்கிய 4060-உம், கனத்த உடலும் பெரிய விசிறிகளும் கொண்ட மடிக்கணினியிலுள்ள 4060-உம் பெயரளவில் ஒன்று, காரியத்தில் இரண்டு. முன்னதில் எத்தகைய உயர்ந்த புராசஸரைச் சேர்த்தாலும், பின்னதில் உள்ள நடுத்தரப் புராசஸருக்கு முன் அது பெரும்பாலான விளையாட்டுகளில் பின்தங்கியே நிற்கும்.

உஷ்ணத்தைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். இன்டெலின் மேற்சொன்ன புராசஸர்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலை 100 டிகிரி. அதைத் தொட்டவுடன் சிப் தன்னைக் காத்துக்கொள்வதற்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெளியேறும் உஷ்ணத்தின் அளவு, சிப்பின் வெப்பத்துக்கும் அறையின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. 22 டிகிரிக் குளிரறையில் அந்த வித்தியாசம் 78. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் விசிறி மட்டும் சுழலும் 37 டிகிரி அறையில் அது 63. குளிர்ந்த நாடுகளில் நடத்திய பரீட்சைகளில் ஒரு மடிக்கணினி தொடர்ந்து தாங்கிய வாட்டுகளில் ஐந்தில் ஒரு பங்கை நம் அறையில் அது இழந்துவிடக் கூடும். வேகமான புராசஸருக்காகக் கொடுத்த பணம் முதலில் கரைவது இவ்விதத்தில்தான்.

கோர்களின் எண்ணிக்கை வேறொரு கேள்வி. வேகம் ஏறாத இடத்தில் எண்ணிக்கையை ஏற்றுவோம் என்று 2005 முதல் உற்பத்தியாளர்கள் திரும்பினார்கள். இன்று 16 கோர், 24 கோர் மடிக்கணினிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு வேலையில் பங்கிட முடியாத பகுதி சிறிதளவு இருந்தாலும், எத்தனை பேரைச் சேர்த்தாலும் அப்பகுதியின் காலத்துக்குக் கீழே இறங்க முடியாது என்பதை 1967-இலேயே ஜீன் ஆம்டால் எடுத்துக்காட்டினார். விளையாட்டு அத்தகைய வேலைகளுக்குச் சிறந்த உதாரணம். குண்டு பட்டதா என்று தெரிந்த பிறகே வீரன் விழுவானா என்று கணிக்க முடியும். அவன் விழுந்தானா என்று தெரிந்த பிறகே அவன் தோழன் என்ன செய்வான் என்று நிச்சயிக்க முடியும். ஒரு விளையாட்டின் கணக்கில் பத்தில் ஆறு பங்கைப் பங்கிடலாம், நான்கு பங்கு ஒரே கோரில்தான் நடக்கவேண்டும் என்று கொண்டால், 6 கோர்கள் ஒற்றைக் கோரைவிட 2 மடங்கு வேகம் தரும். 16 கோர்கள் தருவது 2.3 மடங்கு, கணக்கற்ற கோர்களைச் சேர்த்தாலும் 2.5 மடங்கைத் தாண்டாது. வீடியோ தொகுப்பவருக்கும் முப்பரிமாணச் சித்திரம் உருவாக்குபவருக்கும் 24 கோர்கள் பெரும் பாக்கியமே. விளையாட்டை மாத்திரம் கருதுபவர் அவற்றுக்காகப் பணம் கொடுப்பது அநாவசியம் என்பது என் அபிப்பிராயம்.

வேகமும் எண்ணிக்கையும் அல்லாமல் மூன்றாவது குணம் ஒன்று புராசஸரில் உண்டு. விளையாட்டைப் பொறுத்தவரை மிக விசேஷமானதும் அதுவே. 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் புராசஸரின் ஒரு துடிப்பு கால் நானோவினாடி. அதற்குள் ஒளியே ஏழரை சென்டிமீட்டர்தான் செல்லும். ஆனால் தனக்கு வேண்டிய ஒரு தகவல் ரேமில் இருக்கிறதென்றால், அது வந்து சேர 80 முதல் 100 நானோவினாடி வரை, அதாவது முந்நூறு, நானூறு துடிப்புகள் வரை, புராசஸர் ஏறக்குறைய செயலற்று நிற்க நேரிடலாம். இந்த ரேமின் ஒற்றை டிரான்சிஸ்டர் அமைப்புக்கு 1968-இல் காப்புரிமை பெற்றவரும் முன்னே சொன்ன டென்னார்ட் தான். அது அளவில் அபாரமாக வளர்ந்தது, ஆனால் தாமதத்தில் அவ்வளவாகக் குறையவில்லை. விளையாட்டின் நிரலோ, ஒரு வீரன், அவன் கையிலுள்ள வாள், அந்த வாள் மோதிய கதவு என்று நினைவகத்தின் வெவ்வேறு மூலைகளில் கிடக்கும் தகவல்களைத் தேடி ஓடிக்கொண்டே இருப்பது. ஆகவே அடிக்கடி வேண்டியவற்றைச் சிப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கேஷ் நினைவகம் பெரிதாயிருந்தால், காத்திருப்பு வெகுவாகக் குறைகிறது.

இதை நிரூபித்த சந்தர்ப்பம் ஒன்று நேர்ந்தது. 2022 ஏப்ரலில் ஏஎம்டி நிறுவனம் மேசைக் கணினிக்காக ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற புராசஸரை வெளியிட்டது. அதற்கு முந்திய 5800எக்ஸ் புராசஸரைப்போல அதிலும் கோர்கள் 8 தான்; உச்ச வேகம் 4.7-இலிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைந்தே இருந்தது. கேஷ் மாத்திரம் ஒரு சிலிக்கான் தகட்டின்மேல் மற்றொன்றை அடுக்கியதால் 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக உயர்ந்தது. மெதுவான அந்தச் சிப்பே அநேக விளையாட்டுகளில் வேகமானதை வென்றது. மடிக்கணினிகளில் இம்முறையை 2023-இல் ரைசன் 9 7945எச்எக்ஸ்3டி கொண்டுவந்தது. அதிலுள்ள கேஷ் 128 மெகாபைட், சாதாரண 7945எச்எக்ஸில் உள்ளது 64. மடிக்கணினிப் புராசஸர்களில் கேஷ் குறைக்கப்பட்டிருப்பதும் உண்டு என்பதை இங்கே மறக்கக் கூடாது. மேசைக்கான 5800எக்ஸில் 32 மெகாபைட் இருக்க, மடிக்கணினிக்கான 5800எச்சில் 16 தான். ஆதலால் கிகாஹெர்ட்ஸைப் பார்க்கும் கண் அதே வரிசையிலுள்ள கேஷின் அளவையும் பார்க்க வேண்டும். ரேமை ஒரே துண்டாக வைக்காமல் இரண்டு துண்டாக வைப்பதும் இந்த வகையைச் சேர்ந்த லாபமே: டிடிஆர்5-4800 ரேம் ஒரு துண்டு வினாடிக்கு 38.4 கிகாபைட் அனுப்பினால், இரண்டு துண்டுகள் 76.8 கிகாபைட் அனுப்பும்.

இனி, தம் கையிலுள்ள கணினியில் தாமதிப்பது எது என்று ஒருவர் தாமே கண்டுபிடிப்பது எப்படி? கணினியின் உழைப்பைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் புராசஸர் 30 சதவீதம்தான் உழைக்கிறது என்று கண்டு, அதற்கு இன்னும் சக்தி மிச்சம் இருக்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். 12700எச் புராசஸரில் 20 த்ரெட்டுகள், அதாவது ஒரே சமயத்தில் நடக்கக்கூடிய கணக்கு வரிசைகள், உண்டு. அவற்றுள் ஒன்று மூச்சுத் திணற உழைத்தாலும் மொத்தத்தில் அது 5 சதவீதமாகவே தெரியும். விளையாட்டை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் அந்த ஒரு த்ரெட்டே. பார்க்கவேண்டியது கிராஃபிக்ஸ் சிப்பின் உழைப்பு: அது 95 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் தாமதம் அதனுடையது, புராசஸரை மாற்றுவதால் பயன் இல்லை; 60, 70 என்று தாழ்ந்து நின்று, விளையாட்டிலோ திரையிலோ வேக வரம்பு எதுவும் விதிக்காமலும் இருந்தால், அது புராசஸருக்காகக் காத்திருக்கிறது. இன்னும் எளிய பரீட்சை, விளையாட்டின் திரை அளவைப் பாதியாகக் குறைத்துப் பார்ப்பது. ஃபிரேம்கள் பெருகினால் தடை கிராஃபிக்ஸ் சிப். அசையாமல் நின்றால் தடை புராசஸர்.

சராசரி எண் மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வினாடியில் 59 ஃபிரேம்கள் 15 மில்லிவினாடி வீதம் வந்து, ஒன்று மாத்திரம் 115 மில்லிவினாடி தாமதித்தால், சராசரி குறையற்ற 60 தான். ஆனால் கண் அந்த ஒரு தடுமாற்றத்தையே நினைவில் வைத்திருக்கும். ஃபிரேம்களை எண்ணுவதை விட்டு ஒவ்வொன்றின் காலத்தையும் அளக்க வேண்டும் என்று டெக் ரிப்போர்ட் பத்திரிகையின் ஸ்காட் வாசன் 2011-இல் வற்புறுத்தியதன் பின்னரே இந்த நோக்கு பரவியது. புதிய இடத்துக்குள் நுழைகையில் தகவலை விரித்தெடுப்பதும், நிழல் தீட்டும் நிரல்களைத் தொகுப்பதும் புராசஸரின் பொறுப்பாதலால், இத்தகைய தடுமாற்றங்களில் ஒரு பகுதி மெலிந்த புராசஸரின் விளைவே. எனவே புராசஸரை அறவே அலட்சியம் செய்து பழைய நான்கு கோர் சிப்போடு உயர்ந்த கிராஃபிக்ஸ் சிப்பைச் சேர்ப்பதும் தவறு.

யார் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதை இப்போது சொல்லலாம். கவுன்டர்-ஸ்டிரைக் 2, வாலரண்ட் போன்ற போட்டி விளையாட்டுகளைத் தாழ்ந்த தரத்தில் வைத்து, 240 ஹெர்ட்ஸ் திரையில் நொடியின் பின்னங்களுக்காகப் போராடுபவருக்கும், சிவிலைசேஷன், ஃபாக்டோரியோ, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் போன்று உலகத்தையே கணக்கிட்டு நடத்தும் விளையாட்டுகளில் மூழ்கியிருப்பவருக்கும் ஒற்றைக் கோரின் வேகமும் பெரிய கேஷும் கண்கூடான பலன் தரும். அவர்கள் அதற்குப் பணம் கொடுப்பது தகும். சைபர்பங்க் 2077 போன்றவற்றை ஒளிக்கதிர்களின் முழு அழகோடு காண விரும்புபவர் அப்பணத்தை ஒரு படி உயர்ந்த கிராஃபிக்ஸ் சிப்புக்குக் கொடுக்கட்டும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் பெரும்பான்மையோருக்கு, அண்மைத் தலைமுறையைச் சேர்ந்த 6 அல்லது 8 வேகமான கோர்கள் கொண்ட நடுத்தரப் புராசஸர் தாராளமாகப் போதும். மிஞ்சும் பணம் இரண்டாவது ரேம் துண்டுக்கும், நல்ல குளிர்விப்பு உள்ள கனமான உடலுக்கும் போகட்டும். வாங்குமுன் ஒரு காரியம் மறவாமல் செய்யுங்கள்: இந்த கிராஃபிக்ஸ் சிப்புக்கு இந்த மடிக்கணினி எத்தனை வாட் கொடுக்கிறது என்று கேளுங்கள், கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் உற்பத்தியாளரின் விவரப் பட்டியலில் தேடுங்கள். அந்த எண் கிடைக்காத மடிக்கணினிக்கு, அதில் எந்தப் புராசஸர் இருந்தாலும், பணத்தை எண்ணி வைக்காதீர்கள்.